பழைய கார் சேஸியைப் பலப்படுத்தும் முன் கோணல் பார்ப்பதும் நிமிர்த்துவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் என் டிங்கரிங் பட்டறைக்கு ஹெரால்டும் அம்பாசிடரும் பத்மினியும் ஜீப்பும் வருகின்றன. வண்டியோடு வருகிறவர்கள் வாசலில் நின்றபடி கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். போனிலும் அதேதான். அடுத்த முறை யாராவது கேட்டால் இதை அனுப்பிவிடலாம் என்று எழுதி வைக்கிறேன்.

அண்ணே, வண்டி ஒரு பக்கமா இழுக்குது. சேஸி வளைஞ்சிடுச்சா?

அவசரப்படாதீர்கள். டயர் காற்று, ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளும் பிரேக், உடைந்த பட்டை (ஸ்பிரிங் தகடு), தேய்ந்த புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர் வளையம்) என்று இவற்றை முதலில் பாருங்கள். அம்பாசிடராக இருந்தால் முன்னாலுள்ள டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி) ஒரு பக்கம் தளர்ந்திருந்தாலும் வண்டி சாய்ந்து நிற்கும், இழுக்கவும் செய்யும். இதெல்லாம் சரியாக இருந்தும் இழுத்தால்தான் சேஸி மேல், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தின் மேல், சந்தேகப்பட வேண்டும்.

கோணல் இருந்தால் வண்டியே சில இடங்களில் காட்டிக்கொடுக்கும். கதவு இடுக்கு மேலே அகலமாகவும் கீழே ஒட்டியும் இருக்கும். பானெட் ஒரு மூலையில் மட்டும் உரசும். மழைத் தண்ணீர் நின்ற ரோட்டைத் தாண்டிக் காய்ந்த ரோட்டில் நேராக ஓட்டிப் பாருங்கள். பின் சக்கரத்தின் ஈரத்தடம் முன் சக்கரத் தடத்தோடு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சேராமல் ஒரு பக்கம் அதிகமாக விலகினால், வண்டி நண்டு மாதிரி ஓடுகிறது என்று அர்த்தம்.

எல்லா வண்டிக்கும் சேஸி உண்டா?

இல்லை. ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் ஜீப்புக்கும் தனி சேஸி உண்டு. அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் தனி சேஸி கிடையாது. தரை, ஓரப் பெட்டி (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி), கதவுத் தூண், கூரை எல்லாம் சேர்ந்த உடம்பே சுமையைத் தாங்கும். மோனோகாக் என்று சொல்வது அதைத்தான்.

ஹெரால்டு நம்ம ஊர் வண்டி. இங்கிலாந்தில் 1959-ல் வந்தது. இங்கே 1961-லிருந்து வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் செய்தார்கள். அதன் சேஸி நடுவில் முதுகெலும்பு மாதிரி ஓடும். அதிலிருந்து இரண்டு பக்கமும் கை நீட்டினாற்போல் அவுட்ரிகர்கள் வரும். உடம்பு துண்டு துண்டாகப் போல்ட்டில் அதன் மேல் உட்காரும். அதனால் ஹெரால்டில் உடம்பைக் கழற்றிவிட்டு சேஸியைத் தனியாக அளக்கலாம். அம்பாசிடரில் அந்த வசதி இல்லை. ஓரப் பெட்டி துருவில் போனாலே வண்டியின் நடுப்பகுதி தொங்க ஆரம்பித்துவிடும். அதன் டார்ஷன் பாரின் பின்முனையைத் தரைக்கு அடியில் ஒரு குறுக்குப் பெட்டி பிடித்திருக்கிறது. அந்தப் பெட்டி இளகினால் முன்பக்கம் எவ்வளவு தூக்கி வைத்தாலும் நிற்காது.

வடசென்னை வண்டிகளுக்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை அதிகம்?

உப்புக்காற்று. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடல் பக்கத்திலேயே குடியிருக்கிறோம். அதோடு 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டிகள் உண்டு. வெளியே கழுவித் துடைத்துவிடுவார்கள். ஆனால் பெட்டி போன்ற பகுதிகளுக்குள் போன சேறு அங்கேயே காய்ந்து, ஒவ்வொரு மழைக்காலத்திலும் மறுபடி ஈரம் குடிக்கும். வெளியில் பெயின்ட் பளபளப்பாக இருக்கும், உள்ளே தகரம் அப்பளமாக இருக்கும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் தோண்டி வைத்த பள்ளங்களில் தினமும் ஏறி இறங்கினால் மீதிக் கதை முடிந்தது.

வீட்டிலேயே அளக்க முடியுமா? மிஷின் வேண்டாமா?

முடியும். கொத்தனாரிடம் இருக்கும் சாமான் போதும். தூக்குகுண்டு, டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்), சுண்ணாம்பு நூல், நல்ல இரும்பு டேப். பெரிய கடைகளில் இருக்கும் ஜிக் பெஞ்ச் (வண்டியைப் பூட்டி அளக்கும் மேடை) செய்கிற வேலையும் அடிப்படையில் இதுதான்.

முதலில் வண்டியை நிறுத்தும் விதம். நான்கு ஸ்டாண்டில் வைத்தால், அதில் ஒன்று கொஞ்சம் உயரமாகவோ பள்ளமாகவோ போய்விடும். அதற்கேற்ப வண்டி தானே முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கலை அளந்துவிட்டு சேஸி கோணல் என்று அழுவீர்கள். அதனால் பின்னால் இரண்டு ஸ்டாண்ட், முன்னால் நடுவில் ஒரே ஒரு தாங்கல். முக்காலிக்குத் தரை எப்படி இருந்தாலும் ஆட்டம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பக்கவாட்டில் கவிழாமல் இருக்க இரண்டு ஓரமும் மரக்கட்டை வையுங்கள், ஆனால் வண்டியைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு.

அடுத்து புள்ளிகள். இடது பக்கம் ஒன்று எடுத்தால் வலது பக்கமும் அதற்கு ஜோடி இருக்க வேண்டும். முன் சஸ்பென்ஷன் பிடிக்கும் போல்ட், பின் பட்டையின் முன் கண், ஆலையிலேயே போட்ட ஜிக் ஓட்டைகள், இவை நம்பகமானவை. பம்பர் போல்ட், பட்டி போட்டு நிமிர்த்திய ஓரம், யாரோ வெல்டு செய்த பிராக்கெட் இவற்றை எடுக்காதீர்கள். குறைந்தது நான்கு ஜோடி வேண்டும்.

ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தூக்குகுண்டை இறக்கித் தரையில் குறி போடுங்கள். விடியற்காலையில் செய்யுங்கள். மத்தியானம் கடற்காற்று கிளம்பிவிட்டால் குண்டு ஊஞ்சல் ஆடும். இன்னொரு காரணமும் உண்டு. வெயிலில் நிற்கும் பக்கம் நிழல் பக்கத்தைவிட நீளும். இரண்டரை மீட்டர் இரும்பு 30 டிகிரி சூடு கூடினால் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் நீளும். நாம் தேடுவதே மூன்று நான்கு மில்லிமீட்டரைத்தான்.

குறிகள் போட்ட பிறகு வண்டியைத் தள்ளிவிடுங்கள். தரையில் புள்ளிக் கோலம் மாதிரி மிஞ்சும். அதுதான் உங்கள் சேஸியின் நிழல். தரை கொஞ்சம் சரிவாக இருந்தாலும் இந்த அளவெடுப்புக்குக் கெடுதல் இல்லை. மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிந்தாலும், இரண்டரை மீட்டரில் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம் வரும்.

கோலத்தை எப்படிப் படிப்பது?

ஒவ்வொரு ஜோடிக்கும் நடுப்புள்ளி குறியுங்கள். எல்லா நடுப்புள்ளிகளும் ஒரே நூலில் விழ வேண்டும். பின்னால் உள்ள இரண்டு நடுப்புள்ளிகள் வழியாக நூல் அடித்து முன்னால் நீட்டிப் பாருங்கள். முன் நடுப்புள்ளிகள் நூலை விட்டு ஒரு பக்கம் ஒதுங்கினால் மூக்கு, அதாவது முன்பகுதி, அந்தப் பக்கம் வளைந்திருக்கிறது.

பிறகு மூலைக்கு மூலை. இடது முன்னிலிருந்து வலது பின், வலது முன்னிலிருந்து இடது பின். ஒன்று 1,742, மற்றது 1,751 என்று வருகிறது, ஆனால் நடுப்புள்ளிகள் எல்லாம் நூலிலேயே இருக்கின்றன என்று வையுங்கள். அப்போது மூக்கு வளையவில்லை. ஒரு பக்கத்துக் கம்பம் (சேஸியில் முன்னிருந்து பின் வரை ஓடும் நீள இரும்பு) முழுதாகப் பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது. செவ்வகம் சாய்சதுரமாகிவிட்டது. ஒரு பக்க முன் சக்கரம் பிளாட்பாரத்திலோ பள்ளத்திலோ நேராக அடித்த வண்டியில் இது வரும்.

மூலைக்கு மூலை அளவு மட்டும் எடுத்துவிட்டு வேலையை ஆரம்பிக்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மூக்கு வளைந்தாலும் அந்த அளவு மாறும், சாய்சதுரமானாலும் மாறும். இரண்டுக்கும் இழுக்க வேண்டிய திசை வேறு. நடுப்புள்ளி பார்க்காமல் இழுத்தால் ஒரு கோணலுக்கு மேல் இன்னொரு கோணல் வந்து, மூலை அளவு மட்டும் அழகாகச் சரியாக வரும்.

முறுக்கல் இதில் தெரியுமா?

தெரியாது. தரையில் விழும் நிழலில் உயரம் இல்லையே. அதற்கு டியூப் லெவல்.

முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே அகலத்தில் இருக்கும் நான்கு புள்ளிகளை எடுங்கள். தண்ணீர் மட்டத்திலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். இடது முன் 410, வலது முன் 414, இடது பின் 405, வலது பின் 401 என்று வந்தால், எதிர் மூலைகளைக் கூட்டுங்கள். 410-ம் 401-ம் 811. 414-ம் 405-ம் 819. இரண்டு கூட்டலும் ஒன்றாக இருந்தால் நான்கு புள்ளியும் ஒரே பலகையில் இருக்கின்றன, வண்டி சாய்ந்து நின்றாலும் கவலை இல்லை. இங்கே 8 வித்தியாசம். மூன்று மூலையை ஒரு பலகையில் உட்கார வைத்தால் நான்காவது மூலை 8 மில்லிமீட்டர் தூக்கியோ இறங்கியோ நிற்கும் என்று பொருள்.

நடுவில் தொங்கல் பார்க்க, கம்பத்தின் ஓரமாக முன்னிருந்து பின் வரை நைலான் நூல் இழுத்துக் கட்டுங்கள். இரண்டு பக்கமும் நூலுக்கும் கம்பத்துக்கும் உள்ள இடைவெளியை ஒரு சாணுக்கு ஒரு தடவை எழுதுங்கள். ஹெரால்டு சேஸிக்கு இயல்பாகவே மேடு பள்ளம் உண்டு. அதனால் நூலோடு நேராக இருக்கிறதா என்று தேடாமல், இடது பக்கக் கணக்கையும் வலது பக்கக் கணக்கையும் ஒப்பிடுங்கள்.

எவ்வளவு வித்தியாசம் வரை விடலாம்?

மூலைக்கு மூலை 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நான் கை வைப்பதில்லை. 3 முதல் 6 வரை வந்தால் இன்னொரு நாள், வேறு ஆளை வைத்து மறுபடி அளப்பேன். பாதி நேரம் டேப் பிடித்தவர் தப்பு. 6-க்கு மேல் நிச்சயமாக இழுக்கணும். பழைய மேனுவல் புத்தகத்தில் சேஸி படமும் அளவும் இருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அறுபது வருட வண்டியில் இடதும் வலதும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி.

முதலில் நிமிர்த்தணுமா, பலப்படுத்தணுமா?

நிமிர்த்தணும். இதைத் தப்பாகச் செய்து நான் கற்றுக்கொண்ட கதையைச் சொல்கிறேன்.

பட்டறை போட்ட புதிதில் ஒரு ஹெரால்டு வந்தது. இரண்டு பக்க அவுட்ரிகரும் கையால் அழுத்தினால் பொடியும் நிலை. உடம்பைத் தூக்கி வைத்துவிட்டு, பழையதை எல்லாம் ஒரே நாளில் அறுத்து எறிந்தேன். புதியதை மூலமட்டம் வைத்து அழகாக வெல்டு அடித்தேன். பிளேட்டும் கூடுதலாக வைத்தேன். லாரி ஏறினாலும் அசையாது என்று ஒரு திமிர். உடம்பை இறக்கினால் இடது கதவு பூட்டில் விழவில்லை. வலது பக்கம் கதவுக்கும் தூணுக்கும் நடுவே சுண்டு விரல் போகுது. சேஸி ஏற்கனவே கொஞ்சம் முறுக்கியிருந்திருக்கிறது. அந்த முறுக்கலையே நான் பிளேட் வைத்துப் பூட்டிவிட்டேன். முதலில் அரை நாளில் இழுத்திருக்கக்கூடிய வேலை. பலப்படுத்திய பிறகு அது என் ஜாக்கிக்கு மசியவே இல்லை. போட்ட வெல்டை எல்லாம் கிரைண்டரில் அறுத்தேன். வண்டிக்காரர் ரொம்பப் பெரிய மனது உள்ளவர். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "பரவால்ல தம்பி, ரெண்டாவது வாட்டி நல்லா வரும்" என்றார்.

அதற்குப் பிறகு என் வரிசை இதுதான். அளப்பது, இழுத்து நிமிர்த்துவது, மறுபடி அளப்பது, தாங்கல் கம்பி அடிப்பது, ஒரு பக்கம் மட்டும் அறுப்பது, டேக் (தற்காலிகப் பொட்டு வெல்டு) அடிப்பது, உடம்பையும் கதவையும் வைத்துப் பார்ப்பது, பிறகு முழு வெல்டு. அந்தப் பக்கம் முடியும் வரை மறு பக்கத்தில் கை வைப்பதில்லை.

அம்பாசிடர், பத்மினிக்கும் இதே வரிசையா?

இதேதான், ஆனால் தாங்கல் இன்னும் முக்கியம். ஓரப் பெட்டியை அறுக்கும் முன், கதவு வாசலுக்குள் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் நடுவே பெட்டிக் குழாய் வைத்து டேக் அடியுங்கள். ஒன்று நேராக, ஒன்று மூலைக்கு மூலை. கதவைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். கதவுதான் உங்களுடைய அளவுகோல். ஒவ்வொரு கட்டத்திலும் மாட்டி மூடிப் பாருங்கள். வண்டியின் எடை சஸ்பென்ஷன் வழியாக எப்படி இறங்குமோ அந்த இடங்களிலேயே ஸ்டாண்ட் இருக்கட்டும். முன்னும் பின்னும் அந்தரத்தில் தொங்கவிட்டு நடுவில் மட்டும் தாங்கினால், பெட்டியை அறுத்த மறு நிமிஷம் வண்டி வாழைப்பழம் மாதிரி வளையும்.

எப்படி இழுப்பது?

தரையில் ஊன்றிய கொக்கி, செயின் பிளாக், ஹைட்ராலிக் ஜாக்கி. வளைந்த திசைக்கு நேர் எதிராக, அடி வாங்கிய வழியிலேயே திரும்பி வர வேண்டும். செயின் கட்டும் இடத்தில் தடித்த பிளேட் வையுங்கள், இல்லாவிட்டால் அந்த இடம் மட்டும் பிதுங்கும்.

இரும்புக்குத் திரும்பி ஓடும் குணம் உண்டு. 8 மில்லிமீட்டர் கோணல் என்றால் 8 இழுத்துவிட்டு விட்டால் திரும்பப் பாதி ஓடும். கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஒவ்வொரு முறையும் செயினைத் தளர்த்தி அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். இழுப்பு இருக்கும்போது வளைவைச் சுற்றிச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். உள்ளே அடங்கியிருக்கும் இறுக்கம் விடும். செயின் அறுந்தால் எந்தத் திசையில் பறக்குமோ அந்தத் திசையில் ஒருவரும் நிற்கக் கூடாது. செயின் மேல் ஒரு கனமான சாக்குப் போட்டு வைப்பது நல்ல பழக்கம்.

கேஸ் வைத்துச் சூடாக்கினால் சுலபமாக வராதா?

வரும். முடிந்தவரை வேண்டாம். மடிந்து சுருங்கிய இடத்தில் மட்டும், கருஞ்சிவப்பைத் தாண்டாமல், தானாக ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றுகிறவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய் எல்லாம் முன்பே கழற்றியிருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லணுமா தெரியவில்லை, சொல்லிவிடுகிறேன்.

பலப்படுத்த எவ்வளவு தடிமன் தகரம்?

அசல் கம்பம் எவ்வளவோ அவ்வளவு. கம்பம் 2 மில்லிமீட்டர் என்றால் பிளேட்டும் 2. சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் எல்லா அளவும் கிடைக்கிறது என்பதற்காக 5 மில்லிமீட்டர் பிளேட் வாங்கி வராதீர்கள். 2-ன் மேல் 5 வைத்தால் பிளேட் முடியும் இடத்தில் கம்பம் விரிசல் விடும். பலமான இடம் வளையாது, எல்லா வளைவும் அதன் ஓரத்தில் போய்ச் சேரும்.

அதே காரணத்தால் பிளேட்டின் முனை செங்குத்தாக முடியக் கூடாது. மீன்வால் மாதிரியோ சாய்வான முக்கோணமாகவோ வெட்டுங்கள். கம்பத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் குறுக்காக வெல்டு ஓட விடாதீர்கள். அதிக இழுவிசை அங்கேதான். ஓட்டை போட வேண்டியிருந்தால் கம்பத்தின் நடு உயரத்தில் போடுங்கள், விளிம்பில் வேண்டாம். துரு மேலேயே பிளேட் போர்த்துவது வேலையே இல்லை. அது துருவுக்கு வீடு கட்டிக் கொடுப்பது.

வெல்டிங்கே கோணலை உண்டாக்குமா?

நிச்சயமாக. வெல்டு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது கூட இருப்பதையும் இழுக்கும். கம்பத்தின் அடிப்பக்கம் நீளமாக ஒரே ஓட்டமாக அடித்தால், இரண்டு முனையும் கீழே இறங்கி நடு மேலே எழும்பும். மேல்பக்கம் அடித்தால் தலைகீழ், நடு தொங்கும். அதனால் ஒரு அங்குலம் இங்கே, அடுத்த அங்குலம் எதிர்ப்பக்கம், அடுத்தது தூரத்தில் என்று மாற்றி மாற்றி அடியுங்கள். கை வைக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகுதான் பக்கத்தில் அடுத்த அங்குலம். பொறுமை இல்லாத ஆளுக்கு இந்த வேலை ஆகாது. ஒரு பக்கம் முடித்தவுடன் நடுப்புள்ளியையும் மூலை அளவையும் மறுபடி பார்த்துவிட்டுத்தான் மறு பக்கம் போக வேண்டும். பேட்டரி ஒயரைக் கழற்றி வையுங்கள்.

ஜீப் சேஸியை முழுக்க பாக்ஸ் அடிச்சா நல்லதுதானே?

திறந்த 'சி' வடிவக் கம்பத்தை மூடிப் பெட்டியாக்கினால் முறுக்கலுக்கு எதிரான பலம் பல மடங்கு கூடும், உண்மை. ஆனால் ஜீப் சேஸி மேடு பள்ளத்தில் கொஞ்சம் முறுக்கிக் கொடுக்கிற மாதிரியே செய்யப்பட்டது. முழுக்க மூடினால் அந்த முறுக்கல் ரிவெட்டிலும் குறுக்குக் கம்ப மூட்டுகளிலும் போய் விழும். ஸ்டீயரிங் பாக்ஸ் பிடிக்கும் இடம், பட்டை ஹேங்கர் இருக்கும் இடம் இவற்றுக்கு மட்டும் அடியுங்கள், முனையைச் சாய்வாக முடியுங்கள். மூடிய பெட்டிக்குக் கீழே தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும்.

எல்லாம் முடிஞ்ச பிறகு வீல் அலைன்மென்ட் கடைக்குப் போனால் போதுமா?

சேஸி நேராக இல்லாமல் அங்கே போனால் ஸ்டீயரிங் கம்பியைத் திருகி ஒப்பேற்றிவிடுவார்கள். முதலில் நீங்களே இரண்டு பக்கமும் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை அளந்து பாருங்கள். ஹெரால்டுக்கு 91.5 அங்குலம், மில்லிமீட்டரில் 2,324 சொச்சம். அம்பாசிடருக்கு 97 அங்குலம். இரண்டு பக்கமும் ஒத்துவந்தால் கடைக்குப் போங்கள்.

ஹெரால்டில் ஒரு எச்சரிக்கை. அதன் பின் அச்சு ஊசலாடும் வகை, உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் மாறும். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் பின் சக்கரங்கள் கீழே உள்ளே ஒடுங்கி, கோழிக் கால் மாதிரி நிற்கும். பயப்படாமல் வண்டியை முன்னும் பின்னும் நான்கைந்து முறை தள்ளி, இரண்டு பேரை உட்கார வைத்துவிட்டு அளக்கவும். முன் சக்கரச் சாய்வை, கீழ்க் கையின் பிராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷிம் (மெல்லிய இடைத்தகடு) கூட்டியும் குறைத்தும் சரி செய்யலாம். ஆனால் ஒரு பக்கம் நாலு ஷிம், மறு பக்கம் ஒன்றுகூட இல்லை என்ற நிலை வந்தால் வேலை முடியவில்லை, மறுபடி தூக்குகுண்டை எடுங்கள்.

ஆர்சி, ஆர்டிஓ பிரச்சினை வருமா?

சேஸி எண் அடித்திருக்கும் இடத்தில் அறுக்கவோ அரைக்கவோ கூடாது. அந்தத் துண்டு துருவாக இருந்தால்கூட, கை வைக்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம். எண்ணில் 'விஏ' என்று வரும், கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். அந்த விதி வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸியிலோ உடம்பிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது. அதனால் அறுக்கும் முன், பிறகு என்று ஒவ்வொரு கட்டத்தையும் டேப் வைத்தபடி போட்டோ எடுங்கள். அசல் வடிவுக்கே திருப்பியிருக்கிறோம் என்று காட்ட அது உதவும்.

வேற கடையில விடப்போறேன். என்ன கேட்கணும்?

"அளவு எழுதின பேப்பரைக் காட்டுங்க" என்று கேளுங்கள். வேலைக்கு முன் ஒன்று, நிமிர்த்திய பிறகு ஒன்று, வெல்டு முடிந்த பிறகு ஒன்று, மூன்று பேப்பர். ஒரு கடையில் என் சிநேகிதர் இதைக் கேட்டபோது, கண்ணாலேயே பார்த்துச் சொல்லிவிடுவேன் என்றாராம் மேஸ்திரி. சிநேகிதர் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டார். அளந்து பார்த்தேன், மேஸ்திரி சொன்ன பக்கம்தான் கோணல். எவ்வளவு என்றுதான் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. 11 மில்லிமீட்டர்.